இடுப்புல துப்பாக்கி, கையில கிளாஸ்

டெக்சஸுக்குப் புதுசா வந்தவங்க முதல் தடவை ஏதாவது பாருக்குப் போறப்ப வாசல்ல செவப்பு எழுத்துல பெருசா 51% னு ஒரு போர்டைப் பாத்துட்டு குழம்புவாங்க. எங்க பக்கத்து வீட்டுக்கு வந்த தம்பி ஒருத்தர் ஹேப்பி ஹவர் டிஸ்கவுண்டுன்னே நினைச்சுட்டு உள்ள போய் பில் வந்தப்ப சண்டை போடற அளவுக்குப் போயிட்டாரு. அது டிஸ்கவுண்டும் இல்ல, சரக்கோட ஸ்ட்ராங்கும் இல்ல. அந்தக் கடைக்கு வர்ற வருமானத்துல 51 சதவீதமோ அதுக்கு மேலயோ அங்கயே உக்காந்து குடிக்கற சரக்குலேர்ந்து வருதுன்னு அர்த்தம், அப்படிப்பட்ட கடைக்குள்ள துப்பாக்கியோட காலை வெக்கக்கூடாது. லைசென்ஸ் இருந்தாலும் சரிதான். மீறினா தேர்டு டிகிரி ஃபெலனி, அதாவது பெருங்குத்தம், 2 வருஷத்துலேர்ந்து 10 வருஷம் வரைக்கும் உள்ள போகலாம்.

சரி, கணக்கு 50 சதவீதம்னா? அதாவது சாப்பாடு கொஞ்சம் அதிகமா வித்து, சரக்கு கொஞ்சம் கம்மியா வித்த கடை? நம்ம வழக்கமா குடும்பத்தோட போற டெக்ஸ்-மெக்ஸ் ரெஸ்டாரண்ட் எல்லாம் இந்த ரகம்தான். சிப்ஸும் சால்சாவும் ஃப்ரீயா வரும், பக்கத்து டேபிள்ல சொம்பு சைஸ் கிளாஸ்ல மார்கரிட்டா போய்க்கிட்டிருக்கும். அங்க அந்த செவப்பு போர்டு இருக்காது. அங்க லைசென்ஸ் வெச்சிருக்கறவர் சட்டைக்குள்ள துப்பாக்கியோட உக்காந்து ஃபஹீட்டா சாப்பிடலாம். ஒரு மார்கரிட்டாவும் குடிக்கலாமான்னு கேட்டா, டெக்சஸ் சட்டம் குடிக்காதன்னு சொல்லல, போதையில இருக்காதன்னு மட்டும்தான் சொல்லுது. போதைன்னா என்னன்னும் எழுதி வெச்சிருக்காங்க, ஒண்ணு ரத்தத்துல ஆல்கஹால் 0.08 சதவீதம் தொட்டிருக்கணும், இல்ல அளவு எதுவா இருந்தாலும் மனசோ உடம்போ வழக்கமான கட்டுப்பாட்டுல இல்லாம போயிருக்கணும். ரெண்டாவதுக்கு மெஷின் வேண்டாம், போலீஸ்காரர் பாத்த பார்வையும் அவர் போட்டிருக்கற கேமராவுமே சாட்சி.

நான் இதை ஏன் இவ்ளோ தோண்டறேன்னா, எனக்குக் குடிப் பழக்கம் இல்ல, அதனாலயே டாலஸுக்கு வடக்குப் பக்கம் நடக்கற எல்லா கெட்-டுகெதர்லயும் நிரந்தர டிரைவர் நான்தான். மூணு குடும்பத்தை அவங்கவங்க வீட்டுல இறக்கி விட்டுட்டு கடைசியா நாங்க வீடு போய்ச் சேருவோம். குடிக்காதவளுக்கு பார்ட்டியில ஒரு வசதி இருக்கு, எல்லாத்தையும் தெளிவாப் பாக்கலாம். அப்படிப் பாத்ததுல சமீப வருஷங்கள்ல கண்ணுல படறது, நம்ம ஆளுங்க இடுப்புல துப்பாக்கி.

விசாவுல இருக்கற வரைக்கும் இது பெரும்பாலும் இல்ல. ஹெச்1பி மாதிரி விசாவுல இருக்கறவங்க பொதுவா துப்பாக்கி வெச்சுக்கக்கூடாதுன்னு ஃபெடரல் சட்டம், ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்ததும் அந்தத் தடை போயிடும். சில பேர் கிரீன் கார்டு வந்தா மொதல்ல ஊருக்கு டிக்கெட் போடுவாங்க, சில பேர் ஆபீஸை மாத்துவாங்க, சில பேர் துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்சுக்குப் போறாங்க. நான் இதைக் கிண்டல் பண்ணல, எங்க வீட்டுக்காரரும் ரேஞ்சுக்குப் போனவர்தான், கூட நானும் போய் கிளாஸ்ல உக்காந்தேன்.

2021 செப்டம்பர் 1-லேர்ந்து டெக்சஸ்ல 21 வயசு தாண்டின, சட்டப்படி துப்பாக்கி வெச்சுக்கத் தடை இல்லாத ஆளுக்கு லைசென்ஸே இல்லாம கைத்துப்பாக்கி எடுத்துட்டுப் போக அனுமதி வந்தாச்சு. அப்புறமும் லைசென்ஸ் எடுக்கறவங்க இருக்காங்க, வேற ஸ்டேட்ல செல்லும், சில இடத்துக்குள்ள போக வசதி. பாதி நாள் கிளாஸ், அப்புறம் ரேஞ்ச்ல 50 ரவுண்டு சுடணும், 3 கஜத்துலேர்ந்து 20, 7 கஜத்துலேர்ந்து 20, 15 கஜத்துலேர்ந்து 10, மொத்தம் 250 மார்க்குக்கு 175 எடுத்தா பாஸ். ஃபீஸ் 40 டாலர். பத்து வருஷத்துக்குள்ள குடி அல்லது போதைப்பொருள் சம்பந்தப்பட்ட கேஸ்ல ரெண்டு தடவை தண்டனை வாங்கியிருந்தா, அதாவது குடிச்சுட்டு வண்டி ஓட்டின கேஸ், டிடபிள்யூஐம்பாங்க, அது ரெண்டு இருந்தா, லைசென்ஸ் கிடையாது. ஒண்ணு இருந்தா? அதுக்கும் தனிக் கணக்கு, எத்தனை வருஷம் ஆச்சுன்னு பாப்பாங்க.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ராணுவத்துலேர்ந்து ரிட்டயர் ஆன வயசான மனுஷன், கிளாஸ் பூரா சட்டத்துக்கு சட்டம், கதைக்கு கதைன்னு போய்க்கிட்டிருந்தார். பின்னாடி வரிசையிலேர்ந்து ஒரு பையன் கை தூக்கி, சார் ஒரே ஒரு பீர்னா ஓகேவான்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. கேஸ் கோர்ட்டுக்குப் போச்சுன்னா எதிர்த் தரப்பு வக்கீல் உன்கிட்ட கேக்கற முதல் கேள்வியே அதுதான், நீ ஒரே ஒண்ணுன்னு சொல்லுவ, உலகத்துல குடிச்சவன் எல்லாரும் ஒண்ணு ரெண்டுன்னுதான் சொல்லியிருக்கான், ஜூரி உன்னை நம்பணும்னு என்ன தலையெழுத்துன்னு கேட்டார். தற்காப்புக்குச் சுட்டது நூத்துக்கு நூறு நியாயமா இருந்தாலும் பக்கத்துல ஒரு பீர் பாட்டில் இருந்தா அந்தக் கதை வேற கதை ஆயிடும்னார். எனக்கு சட்டப் பிரிவு எண்கள் எல்லாம் மறந்துபோச்சு, இது மறக்கல.

டெக்சஸ்காரங்க ஏன் ரெஸ்டாரண்டுக்குள்ளயும் துப்பாக்கி வேணும்னு அடம் பிடிக்கறாங்கன்னு புரியணும்னா கில்லீன்ங்கற டெக்சஸ் ஊரோட கதை தெரியணும். 1991 அக்டோபர் 16, மத்தியான சாப்பாட்டு நேரம், லூபிஸ்னு ஒரு கஃபெட்டீரியா, ஒருத்தன் பிக்கப் டிரக்கை நேரா கண்ணாடிச் சுவருக்குள்ள ஓட்டிக்கிட்டு வந்து இறங்கி சுட ஆரம்பிச்சான், 23 பேர் செத்தாங்க. அங்க அப்பா அம்மாவோட சாப்பிட்டுக்கிட்டிருந்த சுசானா ஹப்புங்கற பெண் கைரோபிராக்டர், முதுகெலும்பு வைத்தியம் பாக்கறவங்க. அவங்ககிட்ட ரிவால்வர் இருந்துச்சு, ஆனா கார்ல. அப்ப டெக்சஸ்ல கைத்துப்பாக்கியை மறைச்சு எடுத்துட்டுப் போறது குத்தம், மாட்டினா தொழில் லைசென்ஸ் போயிடுமேன்னு பயந்து கார்லயே வெச்சுட்டு வந்திருந்தாங்க. அப்பா கொலைகாரன் மேல பாயப் போய் சுடப்பட்டார், இவங்க ஒடைஞ்ச ஜன்னல் வழியா தப்பிச்சாங்க, அம்மாவும் பின்னாடியே வர்றாங்கன்னு நினைச்சாங்க, ஆனா அம்மா புருஷனை விட்டுட்டு வரல, அங்கயே உக்காந்துட்டாங்க. அவங்களையும் கொன்னுட்டான். அதுக்கப்புறம் அந்தப் பெண் ஸ்டேட் ஸ்டேட்டா போய் சாட்சி சொன்னாங்க, 1995-ல ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கவர்னரா இருந்தப்ப மறைச்சு எடுத்துட்டுப் போற லைசென்ஸ் சட்டத்துல கையெழுத்துப் போட்டார், அடுத்த வருஷம் அவங்களே எம்எல்ஏ மாதிரி ஸ்டேட் ஹவுஸுக்கு ஜெயிச்சுப் போனாங்க.

இந்தக் கதையைக் கேட்டுட்டு துப்பாக்கி வேண்டாம்னு லேசா சொல்லிட முடியாது. எனக்கும் முடியல. ஆனா ஒண்ணு கவனிக்கணும், லூபிஸ் ஒரு சாப்பாட்டுக் கடை, அங்க அன்னிக்கு யாரும் குடிச்சுட்டு உக்காந்திருக்கல. அந்த நியாயத்தை அப்படியே தூக்கிட்டு வந்து ராத்திரி பதினொரு மணி பேக்யார்டு பார்ட்டியில, நாலாவது பெக்குக்கு மேல ஒட்ட வெக்கறாங்க, அங்கதான் எனக்கு ஒதைக்குது.

ஸ்டேட்டுக்கு ஸ்டேட் இந்த விஷயத்துல எவ்ளோ வித்தியாசம்னு பாத்தா தலை சுத்தும். மிச்சிகன்ல மறைச்சு எடுத்துட்டுப் போற லைசென்ஸ்காரருக்கு 0.02-லயே தப்பு ஆரம்பிக்குது, அது நிறைய பேருக்கு ஒரே ஒரு பீர். மின்னசோட்டால 0.04. நார்த் கரோலினா இன்னும் ஒரு படி மேல, மறைச்சு வெச்சிருந்தா உடம்புல ஆல்கஹால் மிச்சம் இருக்கவே கூடாது, அவங்கவங்க சொந்த இடத்துல தவிர. அதாவது ராத்திரி குடிச்சுட்டு காலையில தெளிஞ்சுட்டேன்னு நினைச்சுக் கிளம்பறவனும் மாட்டலாம். உடம்பு ஆல்கஹாலை வெளியேத்தறது மணிக்கு 0.015 அளவுலதான், காபி குடிச்சாலும் மோர் குடிச்சாலும் பச்சைத் தண்ணியில குளிச்சாலும் அது வேகம் எடுக்காது. கணக்குப் போட்டுப் பாருங்க, 0.15-ல படுத்தவன் சுத்தமா இறங்க பத்து மணி நேரம் ஆகும்.

வர்ஜீனியா கதை வேடிக்கை. அங்க 2010 ஜூலை வரைக்கும் சரக்கு விக்கற ரெஸ்டாரண்டுக்குள்ள துப்பாக்கியை மறைச்சு எடுத்துட்டுப் போகக்கூடாது, ஆனா வெளிய தெரியற மாதிரி மாட்டிட்டுப் போனா போகலாம். அதனால வாசல்ல வந்து கோட்டைக் கழட்டிட்டு, சட்டையைத் துப்பாக்கிக்குப் பின்னாடி சொருகிட்டு உள்ள போவாங்க. அப்புறம் பாப் மெக்டானல் கவர்னரா வந்து சட்டத்தை மாத்தினாரு, மறைச்சு எடுத்துட்டுப் போகலாம், ஆனா குடிக்கக்கூடாது. அந்த குடிக்கக்கூடாதுங்கற வரி மறைச்சு வெச்சிருக்கறவனுக்கு மட்டும்தான் எழுதியிருக்கு. யோசிச்சுப் பாத்தா அதுல ஒரு அர்த்தம் இருக்கு, தற்செயலாத்தான் வந்திருக்கும்னு நினைக்கறேன். வெளிய தெரிஞ்சா பார்டெண்டருக்குத் தெரியும், பக்கத்து டேபிள்காரனுக்குத் தெரியும், இவனுக்கு இனிமே ஊத்தாதன்னு யாராவது சொல்லலாம். மறைச்சு வெச்சவனுக்கு யார் சொல்லுவா?

டென்னசி தான் உச்சம். 2009-ல சரக்கு விக்கற இடத்துக்குள்ள லைசென்ஸ்காரங்க துப்பாக்கி எடுத்துட்டுப் போகலாம்னு ஒரு மசோதா. கவர்னர் ஃபில் பிரெடெசன் வீட்டோ பண்ணினார், சபை அதைத் தூக்கிப் போட்டுட்டு நிறைவேத்துச்சு. கோர்ட்டு இது தெளிவா இல்லன்னு அடிச்சுது, மறுபடி 2010-ல கொண்டு வந்தாங்க, மறுபடி வீட்டோ, மறுபடி மீறி நிறைவேத்தினாங்க. அதை முன்னாடி நின்னு தள்ளினவர் கர்ரி டாட்ங்கற பிரதிநிதி, மெம்ஃபிஸ் போலீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். லைசென்ஸ்காரங்க பொறுப்பானவங்க, குடிக்க மாட்டாங்க, குடிச்சா அது குத்தம்னு சட்டத்துலயே எழுதியிருக்கேங்கறதுதான் அந்தப் பக்கத்து வாதம். 2011 அக்டோபர்ல ஒரு ராத்திரி நாஷ்வில்ல போலீஸ் அவர் காரை நிறுத்துது. ரோட்டுல நடக்கச் சொல்லி வெக்கற டெஸ்ட்ல தேறல, ஊதச் சொன்னா மாட்டேன்னுட்டார். டிரைவர் சீட்டுக்கும் நடுக் கன்சோலுக்கும் இடையில லோடு பண்ணின .38 ரிவால்வர் செருகியிருக்கு. குடிச்சுட்டு வண்டி ஓட்டினது, குடிச்சுட்டு துப்பாக்கி வெச்சிருந்தது, ரெண்டு கேஸ். 2013-ல ஒத்துக்கிட்டார்.

இதைப் படிச்சு சிரிக்கறது சுலபம், நானும் சிரிச்சேன். ஆனா பாருங்க, பயிற்சி இல்லாதவர் இல்ல, வாழ்க்கை பூரா துப்பாக்கி தூக்கின போலீஸ்காரர். சட்டம் தெரியாதவர் இல்ல, அந்த சட்டத்துக்கு அப்பன். ரெண்டும் இருந்தும் அன்னிக்கு ராத்திரி உதவல. பயிற்சி எடுத்தா போதும், பொறுப்பானவங்க கையில இருந்தா போதும்னு யாராவது பேசறப்ப எல்லாம் எனக்கு அந்த சீட்டு இடுக்குதான் ஞாபகம் வருது. டூட்டியில இல்லாத போலீஸும் ரிட்டயர் ஆன போலீஸும் நாடு பூரா மறைச்சு எடுத்துட்டுப் போகலாம்னு 2004-ல ஒரு ஃபெடரல் சட்டம் வந்துச்சு, அதுலயும் மதுவோட போதையில இருக்கக்கூடாதுன்னு ஒரு நிபந்தனை போட்டிருக்காங்க. போலீஸையே நம்பாமத்தானே அந்த வரியை எழுதியிருக்காங்க.

போதைன்னா தள்ளாடறதுன்னு நம்ம ஆளுங்க நினைக்கறாங்க. நான் ஸ்டெடியா இருக்கேன்டா மச்சி, பாரு கை நடுங்குதான்னு நீட்டிக் காட்டுவாங்க. கை நடுங்காது. கை நடுங்கறது கடைசியில வர்ற கேஸ். முன்னாடியே போறது வேற ஒண்ணு, 1990-ல ஸ்டீல், ஜோசப்ஸ்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளருங்க அதுக்கு ஆல்கஹால் கிட்டப்பார்வைன்னு ஒரு பேர் வெச்சாங்க. குடிச்சவன் கண்ணுக்கு முன்னாடி பெருசா தெரியறது மட்டும்தான் மனசுல நிக்கும், கொஞ்சம் தள்ளி இருக்கற விஷயம் எல்லாம் மங்கிடும். ஒருத்தன் பார்க்கிங் லாட்ல முறைச்சான்னா அந்த முறைப்பு மட்டும்தான் தெரியும். வீட்டுல பொண்டாட்டி புள்ளை இருக்கு, நாளைக்கு ஆபீஸ் இருக்கு, இவன் மூஞ்சி ஒருவேளை இயல்பாவே அப்படித்தானோ, வண்டியில ஏறிப் போயிட்டா விஷயம் முடிஞ்சுதுங்கறது எல்லாம் ஃபோகஸ்ல இருக்காது. துப்பாக்கி வெச்சிருக்கறவனுக்கு வேணுங்கற திறமையே அந்தத் தள்ளி இருக்கற விஷயத்தைப் பாக்கறதுதான், சுடறது இல்ல. துப்பாக்கி உரிமைக்காகப் போராடற என்ஆர்ஏ சங்கத்தோட பாதுகாப்பு விதிகள்லயே சுடறதுக்கு முன்னாடியோ சுடும்போதோ மதுவோ மருந்தோ எடுக்காதன்னு இருக்கு, இதுல அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு சண்டையே கிடையாது.

அளவு விஷயத்துல இன்னொரு கூத்து. அமெரிக்கக் கணக்குல ஒரு டிரிங்க்னா 14 கிராம் சுத்த ஆல்கஹால், விஸ்கின்னா ஒன்றரை அவுன்ஸ், சுமார் 44 மில்லி. நம்ம வீட்டு பார்ட்டியில ஊத்தறவர் அண்ணனோ மாமாவோ யாராவது இருப்பார், அவர் கை அளவு தனி. ஐஸ் மேல ஊத்தி, என்னப்பா இது கண்ணுக்கே தெரியலன்னு இன்னொரு ஊத்து, அதுதான் ஒரு பெக். ரெண்டே பெக்குதான்னு சொல்றவர் உள்ள போயிருக்கறது நாலா அஞ்சான்னு அவருக்கே தெரியாது. இதுல 0.08 எங்க வந்துச்சுன்னு எந்தக் கடவுளுக்குத் தெரியும்.

அப்புறம் சும்மா இருக்கற துப்பாக்கியும் சும்மா இருக்காது. நியூயார்க் ஜயன்ட்ஸ் டீம்ல பிளாக்ஸிகோ பர்ரஸ்னு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஸ்டார், 2008 பிப்ரவரியில சூப்பர் பௌல்ங்கற ஃபைனல்ல ஜெயிக்க வெச்ச டச்டௌனைப் பிடிச்சவர், அதே வருஷம் நவம்பர்ல மன்ஹாட்டன்ல ஒரு நைட் கிளப்புக்கு ஸ்வெட்பேண்ட் இடுப்புப் பட்டையில குளோக் துப்பாக்கியைச் செருகிட்டுப் போனார், அது நழுவி கால் வழியா இறங்க, பிடிக்கப் போய் சொந்தத் தொடையிலயே சுட்டுக்கிட்டார். நியூயார்க்ல அதை வெச்சுக்க லைசென்ஸும் இல்ல, ரெண்டு வருஷ ஜெயில் தண்டனை, கேரியர் கெட்டுப்போச்சு. 2018-ல டென்வர்ல டூட்டியில இல்லாத ஒரு எஃப்பிஐ ஏஜென்ட் பார்ல டான்ஸ் ஆடறப்ப பின்னாடி குட்டிக்கரணம் அடிச்சார், துப்பாக்கி தரையில விழுந்துச்சு, குனிஞ்சு எடுத்தப்ப வெடிச்சு பக்கத்துல நின்னவர் கால்ல பாய்ஞ்சுது. விழுந்ததுனால வெடிக்கல, அவசரமா எடுத்தப்ப வெடிச்சுது. கிளாஸ்ல எங்களுக்குத் திருப்பித் திருப்பி சொன்னதும் அதுதான், ஹோல்ஸ்டர்ங்கற உறைக்குள்ள இருக்கற வரைக்கும் டிரிகர் மூடியிருக்கு, அதை வெளிய எடுக்கறதும் திருப்பி வெக்கறதும்தான் ஆபத்தான நேரம்.

இப்ப எங்க ஏரியா பார்ட்டிக்கு வர்றேன், இந்தக் கடைசி வரியை மனசுல வெச்சுக்கோங்க.

ஒரு லாங் வீக்கெண்ட், பேக்யார்டுல கிரில் ஓடிக்கிட்டிருக்கு, பசங்க மாடியில வீடியோ கேம், ஆம்பளைங்க எல்லாம் கூலரைச் சுத்தி. ஒருத்தர் பீர் எடுக்கக் குனிஞ்சார், டீ-ஷர்ட் மேல ஏறிச்சு, இடுப்புல கறுப்பா பிடி தெரிஞ்சுது. நான் பாத்தேன், அவர் மனைவியும் நான் பாத்ததைப் பாத்தாங்க. என்னைத் தனியா கூப்பிட்டு, அக்கா தப்பா எடுத்துக்காதீங்க, இவர் எங்க போனாலும் வெச்சுக்குவார், நான் சொன்னா கேக்கறதில்லன்னு சொன்னாங்க. அது எத்தனாவது பீர்னு கேட்டேன். தெரியலக்கான்னாங்க.

இதுல டெக்சஸ் சட்டம் என்ன சொல்லுதுன்னு அப்புறம் தேடிப் பாத்தேன், எனக்கு உள்ளபடியே தூக்கிவாரிப் போட்டுது. போதையில கைத்துப்பாக்கி வெச்சிருக்கறது கிளாஸ் ஏ குத்தம்தான், ஒரு வருஷம் வரை ஜெயில், 4,000 டாலர் வரை அபராதம். ஆனா அந்தப் பிரிவுலயே விலக்கும் இருக்கு, அவனவன் சொந்த இடத்துல இருந்தாலோ, இன்னொருத்தர் தனியார் இடத்துல அவர் சம்மதத்தோட இருந்தாலோ, சொந்த வண்டிக்குள்ளயோ வண்டிக்கு நேரா போற வழியிலயோ இருந்தாலோ அது பொருந்தாது. அதாவது பாருக்குள்ள போனா பெருங்குத்தம், தெருவுல நின்னா குத்தம், நம்ம கூலர் பக்கத்துல நின்னா சட்டத்துக்கு வேலையில்ல. ஆனா அவர் குடிச்சுட்டு வண்டியை எடுத்தார்னா கதை மாறிடும், டிடபிள்யூஐயோட சட்டவிரோதமா ஆயுதம் வெச்சிருந்த கேஸும் சேந்துக்கும், வண்டியில குத்தம் பண்ணிக்கிட்டே துப்பாக்கி வெச்சிருந்தான்னு. எங்க ஏரியா வக்கீலுங்களுக்கு இந்த ஜோடி ரொம்பப் பழக்கம்.

நம்ம ஆளுங்க குடிக்கற எடத்துல ஒரு ஒழுங்கு இல்லன்னு சொல்லிட முடியாது, இருக்கு. ஒருத்தன் எல்லை தாண்டினா இன்னொருத்தன் தோள்ல கை போட்டு, மாப்ள சாவியைக் குடுன்னு வாங்கி பாக்கெட்டுல போட்டுக்குவான். அவன் திட்டுவான், அழுவான், எம் மேல நம்பிக்கை இல்லையாடான்னு கேப்பான், காலையில வந்து தேங்க்ஸ் சொல்லி சாவியை வாங்கிட்டுப் போவான். சாவி வாங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச சடங்கு. துப்பாக்கிக்கு அந்தச் சடங்கு கிடையாது. மொதல்ல இருக்குன்னே தெரியாது, மறைச்சு வெக்கறதோட நோக்கமே அதுதான். தெரிஞ்சாலும் மாப்ள அதை எடுத்துக் குடுன்னு சொல்ல முடியுமா? போதையில இருக்கற ஆளை, பத்து பேர் நிக்கற எடத்துல, லோடு ஆன துப்பாக்கியை வெளிய எடுக்கச் சொல்றதா? இருக்கறதுலயே ஆபத்தான வேலையை நாமளே அவன் கையில குடுக்கறதா?

சரி அவரே போய் கார்ல வெச்சுட்டு வரட்டும்னு வெச்சுக்குவோம். அமெரிக்காவுல திருட்டுப்போற துப்பாக்கியில ரொம்பப் பெரிய பங்கு கார்லேர்ந்துதான் போகுது, கிளவ் பாக்ஸ்ல போட்டுப் பூட்டறது எல்லாம் பூட்டே இல்ல. வீட்டுக்குள்ள பெட்ரூம் அலமாரியில வெக்கலாம்னா மாடியில எட்டு பசங்க ஒளிஞ்சு விளையாடறாங்க, ஒளியற எடமே பெட்ரூம் அலமாரிதான். பாத்ரூமுக்குப் போய் கழட்டி வெச்சுட்டு மறந்துட்டு வர்றவங்க கதை எல்லாம் போலீஸ்காரங்க மத்தியிலயே உண்டு. எப்படிப் பாத்தாலும் ராத்திரி ஒன்பது மணிக்கு அதுக்கு ஒரு நல்ல எடம் கிடையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு, குடிக்கறதுக்கு முன்னாடி, வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி இருந்துச்சு, சொந்த வீட்டு சேஃப்.

எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் ஒத்துக்கிட்ட ஏற்பாடு அதனாலதான் இப்படி. செருப்பு மாட்டறதுக்கு முன்னாடி கேப்பேன், இன்னிக்கு பாட்டிலா அதுவான்னு. பாட்டில்னா சேஃப்ல வெச்சுட்டு வரணும். அதுன்னா சோடா. நடுவுல மனசு மாறக்கூடாது. மொதல்ல முணுமுணுத்தார், என்ன சின்னப்புள்ளை மாதிரி நடத்தறன்னு. இப்ப கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிடறார், பெரும்பாலும் பாட்டில்தான், மனுஷன் ஃப்ரெண்ட்ஸைப் பாக்கப் போறதே அதுக்குத்தானே.

குடியும் துப்பாக்கியும் ஒரே எடத்துல சேந்தா என்ன ஆகும்னு அமெரிக்கா வந்துதான் தெரிஞ்சுக்கணும்னு இல்ல. 1999 ஏப்ரல் கடைசியில டெல்லியில ஒரு பார்ட்டி, நடு ராத்திரி தாண்டி பார் மூடியாச்சு, சரக்கு இல்லன்னு சொன்னதுக்காக ஜெசிகா லால்ங்கற பெண்ணை மனு சர்மா சுட்டுக் கொன்னான், முதல் குண்டு மேல கூரையில, ரெண்டாவது அவங்க மேல. 2006-ல முதல்ல எல்லாரும் விடுதலை ஆகி, நாடே கொதிச்சு, அப்புறம் ஹைகோர்ட்டு ஆயுள் தண்டனை குடுத்துச்சு. பணக்கார வீட்டுப் புள்ளை திமிர்னு மட்டும் நாம அதைப் பேசினோம், திமிர்தான், ஆனா அந்தத் திமிர் வெறுங்கையோட வந்திருந்தா அன்னிக்கு ஒரு கிளாஸ் ஒடைஞ்சிருக்கும், கொஞ்சம் கெட்ட வார்த்தை பறந்திருக்கும், அவ்ளோதான். வடக்கே கல்யாணத்துல வானத்தைப் பாத்து சுடற பழக்கத்துக்கு 2019-ல ஆயுதச் சட்டத்தைத் திருத்தி ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்னு கொண்டு வந்தாங்க.

வானத்தைப் பாத்து சுடறதுன்னதும் ஞாபகம் வருது, வர்ஜீனியா இங்கிலீஷ்காரங்க காலனியா இருந்த காலத்துலயே, 1655-ல, குடிக்கற எடத்துல துப்பாக்கி சுடக்கூடாதுன்னு சட்டம் போட்டு 100 பவுண்டு புகையிலை அபராதம் வெச்சாங்க. காரணம் ஒழுக்கம் இல்ல, தாக்குதல் வந்தா வெடிச் சத்தம்தான் எச்சரிக்கை மணி, குடிகாரங்க சும்மா சும்மா சுட்டா நிஜ ஆபத்து எதுன்னு தெரியாது. இதுல அழகு என்னன்னா கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு குடுத்திருந்தாங்க. இதைப் படிச்சதும் நம்ம ஊர் ஆளுங்கதான் போய் எழுதிக் குடுத்திருப்பாங்களோன்னு தோணிச்சு. 2022-ல சுப்ரீம் கோர்ட்டு புரூயன் தீர்ப்புல துப்பாக்கிச் சட்டம் எதுவா இருந்தாலும் பழைய வரலாற்று மரபோட ஒத்துப்போகணும்னு சொன்னதுக்கப்புறம் வக்கீலுங்க இந்த மாதிரி தூசி படிஞ்ச சட்டத்தை எல்லாம் தோண்டி எடுத்துட்டு வர்றாங்க, 1867 கான்சஸ், 1883 மிசூரி, 1883 விஸ்கான்சின்னு, குடிபோதையில இருக்கறவன் துப்பாக்கி தூக்கக்கூடாதுன்னு அங்கங்க போட்ட சட்டங்கள். கவ்பாய் காலத்துலயே தெரிஞ்சிருக்கு.

ஒரு விஷயத்தைச் சொல்லாம விட்டா முழுசா சொன்னதா ஆகாது. 2021-ல அமெரிக்காவுல துப்பாக்கியால செத்தவங்க 48,830 பேர், அதுல 26,000-க்கு மேல தற்கொலை. பாதிக்கு மேல. பார்க்கிங் லாட் சண்டை எல்லாம் அதுக்கப்புறம்தான். லேஆஃப் ஆகி, விசா கடிகாரம் ஓடி, ராத்திரி தனியா பாட்டிலோட உக்காந்திருக்கற ஆள் எங்க வட்டத்துலயும் உண்டு. அந்த மாதிரி நேரத்துல ஒரு ஃப்ரெண்டு போய், கொஞ்ச நாள் உன் துப்பாக்கி எங்க வீட்டு சேஃப்ல இருக்கட்டும்டான்னு கேட்டு வாங்கி வெக்கலாம், பகல்ல, ரெண்டு பேரும் தெளிவா இருக்கறப்ப. அதைக் கேக்கறதுக்கு சாவி கேக்கறதைவிட பத்து மடங்கு தைரியம் வேணும், நெருக்கமானவங்களாலதான் முடியும்.

அந்த லாங் வீக்கெண்டுக்கப்புறம் அடுத்த பார்ட்டி எங்க வீட்டுல. வாட்ஸ்அப் அழைப்புல மெனு, டைம், பார்க்கிங் எல்லாம் போட்டுட்டு கடைசியில நான் ஒரு வரி சேத்தேன், சரக்கு ஓடும், அதனால துப்பாக்கியை வீட்டுலயே வெச்சுட்டு வாங்க. அஞ்சு நிமிஷம் குரூப்ல ஒருத்தரும் வாயைத் திறக்கல, அப்புறம் மழை. ஒருத்தர் சிரிப்பு எமோஜி. ஒருத்தர் துப்பாக்கி உரிமை குடுக்கற செகண்ட் அமெண்ட்மெண்டைப் பத்தி மூணு பத்தி எழுதினார். இன்னொருத்தர், நம்ம குரூப்ல யார்கிட்டங்க இருக்குன்னு அப்பாவியா ஒரு கேள்வி, அதுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல. யாரைக் குறிச்சு எழுதினேனோ அவர் தனியா மெசேஜ் பண்ணினார், அக்கா சட்டப்படி துப்பாக்கியை மறைச்சு எடுத்துட்டு உள்ள வராதன்னு 30.06 போர்டு வெக்கணும், எழுத்து ஒரு இஞ்ச் உயரம் இருக்கணும், இங்கிலீஷ்லயும் ஸ்பானிஷ்லயும் இருக்கணும்னு. லைசென்ஸ்காரருக்கு வாயால சொன்னாலும் செல்லும் தம்பி, வேணும்னா ஃபோன் பண்ணி சொல்றேன்னு பதில் போட்டேன்.

அவர் வந்தார், மட்டன் சுக்கா கொண்டு வந்தார், டீ-ஷர்ட்டை இன் பண்ணியிருந்தார். செகண்ட் அமெண்ட்மெண்ட்காரர் வரல, இன்னும் பேசறதில்ல.